ஆட்டோமேட்டிக்கைக் கையால் மாற்றுவது பற்றி: மலைச்சாலை வண்டி கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஆட்டோமேட்டிக் வண்டிகளைப் பற்றியவை. மலைக்கு ஆட்டோமேட்டிக் ஆகவே ஆகாது என்று அடித்துச் சொன்னவர்கள் வீட்டிலும் இப்போது ஒன்று நிற்கிறது. கோத்தகிரி வாசகரின் கேள்வி பெரியது, அதனால் அவருக்குப் பதிலும் நீளம். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி (கோத்தகிரி): எங்களிடம் தொண்ணூறுகளில் வந்த ஜப்பான் ஃபோர் வீல் டிரைவ் ஒன்று இருக்கிறது. ஆறு சிலிண்டர் டர்போ டீசல், நான்கு கியர் ஆட்டோமேட்டிக். கம்ப்யூட்டர் இல்லாத பழைய வகை. ஆக்ஸிலேட்டரிலிருந்து ஒரு கேபிள் மட்டும் கியர்பாக்ஸுக்குப் போகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து உரம் ஏற்றி வரும்போது மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் மாறி மாறி விழுகிறது, வீட்டுக்கு வந்து நிறுத்தினால் கருகல் வாடை. இறங்கும்போது லீவரை 2-ல் போட்டாலும் வண்டி பிடிக்காமல் ஓடுகிறது. கோவையில் ஒரு மெக்கானிக், 'உள்ளே கிளட்ச் பிளேட் அதிகம் போட்டு, எண்ணெயைப் பிரித்து அனுப்பும் வால்வு பாடியை ஃபுல் மேனுவலாக்கித் தருகிறேன், நீங்கள் லீவரை அசைத்தால்தான் கியர் மாறும்' என்கிறார். செய்யலாமா?

பதில்: செய்யலாம், தப்பில்லை. ஆனால் கடைசியில் செய்ய வேண்டிய வேலையை அவர் முதலில் சொல்கிறார். கையால் மாற்றுவதால் கியர்பாக்ஸ் பலமாகிவிடாது. பலமில்லாத பாக்ஸைக் கையால் மாற்றினால் இன்னும் கொஞ்சம் சீக்கிரம் போகும், அவ்வளவுதான்.

முதலில் காசு செலவில்லாத வேலை ஒன்று. லீவரில் ஓவர்டிரைவ் பட்டன் இருக்கும், பாருங்கள். மேட்டுப்பாளையம் தாண்டி ஏற்றம் தொடங்கும் இடத்திலேயே அதை அணைத்துவிடுங்கள், குஞ்சப்பனை, அரவேணு எல்லாம் கடந்து வீடு வரும்வரை தொடாதீர்கள். நான்காவது கியரே கிடைக்காது என்றால் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே ஆட்டமும் கிடையாது. மலையில் ஆட்டோமேட்டிக் வைத்திருக்கும் பலர் இந்தப் பட்டனை ஆண்டுக்கணக்கில் தொட்டதே இல்லை என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

சரி, டீசலுக்குப் பின்னால் இந்த பாக்ஸ் ஏன் திணறுகிறது? ஆட்டோமேட்டிக்குக்குள் கியரைப் பிடித்து வைத்திருப்பது எண்ணெயின் அழுத்தம். அந்த அழுத்தத்தைத் தரும் பம்ப் இன்ஜின் வேகத்தில்தான் சுற்றும். பெட்ரோல் இன்ஜின் தன் முழு இழுவையைக் கொடுக்கும்போது மூவாயிரம், நாலாயிரம் ஆர்.பி.எம்-மில் இருக்கும், பம்பும் தாராளமாக எண்ணெய் தள்ளும். டர்போ டீசலோ இரண்டாயிரத்தை ஒட்டியே முழு இழுவையையும் கொட்டிவிடுகிறது. அப்போது பம்ப் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது, சீல்கள் தேய்ந்து உள்ளே கசிவும் இருந்தால் கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்க எண்ணெய்க்குச் சக்தி போதாது. இதற்கு மேல், இன்ஜினுக்கும் பாக்ஸுக்கும் நடுவே எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் என்று ஒன்று இருக்கிறது, வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது இன்ஜின் தருவதை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கி உள்ளே அனுப்பும். லோடோடு கொண்டை ஊசி வளைவில் நின்று கிளம்புகிறீர்களே, அந்த நேரத்தில் உள்ளே இருக்கும் பிளேட்டுகளின் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் இந்தப் பாடத்தைப் பெரிய அளவில் படித்தார்கள். 1989 மாடலில் டாட்ஜ் ராம் பிக்கப்பில் 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசலை வைத்தார்கள். 160 குதிரைத்திறன்தான், ஆனால் இழுவை 542 நியூட்டன் மீட்டர், அதுவும் மிகக் குறைந்த ஆர்.பி.எம்-மில். அதன் பின்னால் மாட்டிய ஆட்டோமேட்டிக், அறுபதுகளில் பெட்ரோல் வி-8 இன்ஜின்களுக்கென்று வந்த 727 என்ற மூன்று கியர் பாக்ஸ், லாக்-அப் (கன்வர்ட்டரை வழுக்காமல் இன்ஜினோடு நேராகப் பூட்டும் வசதி) கூட இல்லாதது. அடுத்த சில ஆண்டுகளில் லாக்-அப்பும் ஓவர்டிரைவும் உள்ள பாக்ஸ் வந்துவிட்டது. ஆனாலும் அந்த வண்டிகளைப் பலப்படுத்துவது அங்கே இன்றுவரை ஒரு தனித் தொழிலாகவே நடக்கிறது. அழுத்தத்தைக் கூட்டுவது, டீசலுக்கேற்ற கன்வர்ட்டர், கூடுதல் பிளேட், பெரிய கூலர், லாக்-அப்புக்குத் தனி சுவிட்ச், கடைசியாக மேனுவல் வால்வு பாடி என்று போகும். உங்கள் மெக்கானிக் சொன்னதும் இந்த வழியில் வந்ததுதான், ஆனால் நடுவில் இருக்கும் நான்கைந்து படிகளைத் தாண்டிவிட்டார்.

அதனால் பட்டறையில் வண்டியை விட்டதும் பாக்ஸை இறக்கச் சொல்லாதீர்கள். முதலில் அந்தக் கேபிளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதிக்கிறீர்கள் என்று கியர்பாக்ஸுக்குச் சொல்வது அது ஒன்றுதான். கேபிள் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும், நீங்கள் பாதி மிதித்திருப்பதாக பாக்ஸ் நினைத்துக்கொண்டு அழுத்தத்தைக் குறைவாகவே வைக்கும், கியரும் முன்கூட்டியே மாறும், பிளேட் வழுக்கும், கருகும். பிறகு பாக்ஸின் பக்கவாட்டில் இருக்கும் சோதனை போல்ட்டைக் கழற்றி பிரஷர் கேஜ் மாட்டி, ஐடிலிங்கில் எவ்வளவு, மிதித்தால் எவ்வளவு என்று அந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். கேஜ் வைத்துப் பார்க்காமல் பாக்ஸை இறக்கும் பட்டறையில் வேலையைக் கொடுக்காதீர்கள். நின்றபடி பிரேக் மிதித்து முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்துப் பார்க்கும் ஸ்டால் சோதனையும் உண்டு, ஆனால் அது ஐந்து விநாடிக்கு மேல் போகக் கூடாது. அந்த ஐந்து விநாடியில் இன்ஜினின் சக்தி முழுக்கச் சூடாக எண்ணெயில் இறங்குகிறது.

அப்புறம் ஆயில் சேம்பரைக் கழற்றும்போது கூடவே நில்லுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிய பசை இருந்தால் பயமில்லை, அது இயல்பான தேய்மானம். முள் முள்ளாக இரும்புத்தூள் நின்றாலோ, கறுப்பு மண்டியை விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறவென்றாலோ பிளேட்டின் லைனிங் உதிர ஆரம்பித்துவிட்டது. எண்ணெய் ஸ்ட்ராபெரி மில்க் ஷேக் மாதிரி இளஞ்சிவப்பாக நுரைத்திருந்தால் கதையே வேறு: ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் ஓட்டையாகித் தண்ணீர் கலந்திருக்கிறது. தண்ணீர் பட்ட லைனிங்கின் பசை விட்டுப்போகும், எண்ணெய் மட்டும் மாற்றித் தப்பிக்க முடியாது.

சூட்டைப் பற்றி. ஆட்டோமேட்டிக் எண்ணெய் 80, 90 டிகிரியில் வசதியாக வேலை செய்யும். 120-ஐத் தாண்டித் தொடர்ந்து ஓடினால் எண்ணெய் கெட ஆரம்பிக்கும், ரப்பர் சீல்கள் இறுகும், சீல் இறுகினால் அழுத்தம் குறையும், குறைந்தால் வழுக்கும், வழுக்கினால் மேலும் சூடு. மலையில் என்ன நடக்கிறது என்றால், வண்டி மணிக்கு 25 கிலோமீட்டரில் ஊர்கிறது, கன்வர்ட்டர் லாக் ஆகாமல் எண்ணெயைக் கலக்கிக்கொண்டே இருக்கிறது, முன்னாலிருந்து காற்றும் வரவில்லை. அதனால் தனி கூலர் ஒன்று, அதற்குச் சொந்த மின்விசிறியோடு, போட்டே ஆக வேண்டும். ரேடியேட்டருக்குள் உள்ள கூலரைத் தூக்கி எறிந்துவிட்டு இதை மட்டும் மாட்டலாம் என்று சிலர் சொல்வார்கள், நம் ஊருக்கு அது சரிவராது. உறைபனி விழும் காலையில் எண்ணெயைச் சூடேற்றிக் கொடுப்பதும் ரேடியேட்டர்தான். அது நல்ல நிலையில் இருந்தால் முதலில் ரேடியேட்டர், பிறகு தனி கூலர் என்று வரிசையாக இணையுங்கள். கன்வர்ட்டரிலிருந்து வெளியே வரும் குழாயில் ஒரு வெப்பமானி சென்சார் வைத்து டேஷ்போர்டில் மீட்டரைக் கொண்டுவந்துவிடுங்கள். அந்த ஒரு மீட்டர் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு எந்த மெக்கானிக்கும் சொல்லிக்கொடுக்க மாட்டார்.

இனி நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிக்கு வருகிறேன், எனக்கு அதுதான் முக்கியம்: 'லீவரை 2-ல் போட்டாலும் வண்டி பிடிக்காமல் ஓடுகிறது.' பலப்படுத்துவது என்றாலே எல்லோரும் ஏறுவதையும் இழுப்பதையும் நினைக்கிறார்கள், பந்தய வண்டிக்காரர்கள் உருவாக்கிய சாமான்களும் அதற்காகவே செய்யப்பட்டவை. நமக்கு வேண்டிய பலம் இறங்குவதற்கு. ஆட்டோமேட்டிக்குக்குள் ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் ஒன்-வே கிளட்சுகள் உண்டு. D-யில் செகண்டு கியர் விழும்போது இன்ஜின் சக்கரத்தைத் தள்ளும் திசையில் அது பிடிக்கும். சக்கரம் இன்ஜினைத் தள்ளும் திசையில் விட்டுவிடும், அதாவது வண்டி கியரில் இருந்தும் நியூட்ரலில் போவது போல உருளும். லீவரை 2-க்கோ L-க்கோ இழுக்கும்போது கூடுதலாக, டிரம்மைச் சுற்றி இறுக்கும் ஒரு பேண்டோ சிறிய கிளட்ச் தொகுப்போ சேர்ந்து பிடிக்கும், அப்போதுதான் இன்ஜின் பிரேக்கிங் கிடைக்கும். இறக்கத்தின் சுமை முழுவதும் அதன் தலையில். உங்கள் வண்டியில் அது தேய்ந்தோ கருகியோ இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. இதைச் சரிசெய்யாமல் மற்ற கிளட்சுகளில் எத்தனை பிளேட் போட்டாலும் குஞ்சப்பனைக்கு இறங்கும்போது கால் பிரேக்கிலேயேதான் இருக்கும்.

மெக்கானிக்கிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: 'மேனுவல் ஆக்கிய பிறகு ஒவ்வொரு கியரிலும் இந்த இறக்கப் பிடிப்பு விழுமா?' நல்ல மேனுவல் வால்வு பாடியில் விழும். நான் சொன்ன அந்த 727-க்கு மேனுவல் பாடி செய்பவர்கள், முதல் கியரில் ஒன்-வே கிளட்சை மட்டும் நம்பாமல் பின்பக்க பேண்டும் சேர்ந்து பிடிக்கும்படி செய்வதைத் தனியாகச் சொல்லியே விற்கிறார்கள். அவர்களுக்கு அது பந்தயத்தில் டிரம் உடையாமல் இருப்பதற்கு, நமக்கு இறக்கத்துக்கு. மெக்கானிக் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தடுமாறினால் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இன்னொன்று. டீசல் வண்டி இறக்கத்தில் தானாகவே நன்றாகப் பிடிக்கும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பெட்ரோல் இன்ஜினில் காலை எடுத்தால் காற்று வரும் வழி மூடிக்கொள்ளும், இன்ஜின் மூச்சு முட்டி வண்டியைப் பிடிக்கும். பழைய டீசலில் அந்த அடைப்பே கிடையாது. அமுக்கிய காற்று திரும்ப விரிந்து பிஸ்டனைத் தள்ளிவிடும். லாரிகளில், புகை போகும் வழியை அடைத்து வண்டியைப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் வைப்பது அதனால்தான். உள்ளதே கொஞ்சம் என்னும்போது, அந்தக் கொஞ்சமும் சக்கரம்வரை போய்ச் சேர கன்வர்ட்டர் லாக் ஆக வேண்டும். லாக் ஆகாத கன்வர்ட்டர் வழியே சக்கரம் இன்ஜினை முழுசாகச் சுற்றவைக்க முடியாது, இன்ஜின் ஐடிலிங்கை நோக்கி இறங்கும், வண்டி வேகம் ஏறும்.

அதனால் உங்களுக்கு நான் முதலிடம் கொடுப்பது லாக்-அப்பைக் கையால் போடும் சுவிட்சுக்கு. உங்கள் பாக்ஸில் லாக்-அப் எண்ணெய் அழுத்தத்திலேயே நடக்கும் வகை என்றால் வால்வு பாடியில் மின்சாரத்தால் திறந்து மூடும் ஒரு சோலினாய்டு சேர்த்து வழி மாற்ற வேண்டும், அனுபவம் உள்ளவர் செய்வார். செகண்டிலும் மூன்றிலும் லாக் செய்ய முடிந்தால் ஏறும்போது சூடு கண்முன்னே மீட்டரில் இறங்கும், இறங்கும்போது வண்டி பிடிக்கும். ஆனால் லாக் ஆனபடி வண்டியை நிறுத்தினால் இன்ஜின் அணைந்துவிடும், இறக்கத்தில் இன்ஜின் அணைந்தால் ஸ்டீயரிங் கனத்துவிடும், பிரேக்கின் உதவியும் போய்விடும். ஆகவே பிரேக் பெடலை நன்றாக மிதித்தால் லாக் விடுபடும்படி வயரிங் வேண்டும். மெல்லப் பிரேக் தொட்டாலே விடுபட்டால் பிடிப்பும் போய்விடும், அந்தப் புள்ளியைப் பார்த்து வைக்க வேண்டும். 1,500 ஆர்.பி.எம்-முக்குக் கீழே லாக் செய்து முழு ஆக்ஸிலேட்டர் கொடுக்காதீர்கள். கன்வர்ட்டருக்குள் இருக்கும் லாக்-அப் கிளட்ச் மெல்லிய ஒற்றை லைனிங்தான், அந்த அடியைத் தாங்காது. கன்வர்ட்டரை எப்படியும் திறந்து வெல்டிங் செய்யப் போகிறார்கள், அப்போதே லைனிங்கையும் மாற்றச் சொல்லிவிடலாம். பழைய சாமான் கடையில் கிடைக்கும் பெட்ரோல் வண்டியின் கன்வர்ட்டர் போல்ட்டில் பொருந்தினாலும் வாங்காதீர்கள். அது அதிக ஆர்.பி.எம்-மில் பிடிக்கும்படி செய்தது, டீசலில் போட்டால் ஓயாமல் வழுக்கும்.

பிளேட் விஷயம் சுருக்கமாக. கூடுதல் பிளேட் போட இடம் வேண்டும். மெல்லிய ஸ்டீல் போட்டோ பிரஷர் பிளேட்டை லேத்தில் கடைந்தோ அந்த இடத்தை எடுக்கிறார்கள். இடைவெளி புத்தகம் சொல்லும் அளவில் நிற்கிறதா என்று ஃபீலர் கேஜில் பார்க்க வேண்டும், இல்லையென்றால் விட வேண்டிய நேரத்தில் கிளட்ச் விடாமல் உரசிக்கொண்டே போகும். ரொம்ப மெல்லிய ஸ்டீல் சூட்டைத் தாங்காமல் வளைந்துவிடும் என்பதால் ஒரு பிளேட் அதிகம் என்பது எப்போதும் லாபமில்லை. நீலம் பாய்ந்த பழைய ஸ்டீலைத் தேய்த்து மறுபடி போட விடாதீர்கள். புது லைனிங் பிளேட்டை ஏ.டி.எஃப் என்னும் ஆட்டோமேட்டிக் எண்ணெயில் ஊறவைத்துத்தான் மாட்ட வேண்டும், உலர்ந்ததை மாட்டினால் முதல் ஏற்றத்திலேயே மேற்பரப்பு கருகும். சீல், புஷ், பம்ப் இவை மூன்றையும் பழையதாகவே விட்டுவிட்டுப் பிளேட்டை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

இவ்வளவும் செய்த பிறகு ஃபுல் மேனுவல் வேண்டுமா என்று கேட்டால், உங்களுக்கு வேண்டாம் என்பேன். ஷிஃப்ட் கிட் போட்டு அழுத்தத்தைக் கொஞ்சம் உயர்த்தி, கியர் விழுவதை இழுக்காமல் சட்டென்று விழ வைத்து, தானாக மாறுவதை அப்படியே விட்டுவிடுங்கள். L, 2, ஓவர்டிரைவ் பட்டன், லாக்-அப் சுவிட்ச், இவை நான்கும் சேர்ந்தால் உங்கள் கையில் ஏறக்குறைய மேனுவல் கட்டுப்பாடு வந்துவிடுகிறது. ஃபுல் மேனுவலில் பாக்ஸ் உங்களைக் காப்பாற்றாது. ஒரு கணக்கு: முதல் கியர் விகிதம் 2.9, ஆக்ஸில் 4.1, டயர் ஒரு சுற்றுக்கு 2.4 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 60 கிலோமீட்டரில் போகும்போது தெரியாமல் லீவரை முதல் கியருக்கு இழுத்தால் இன்ஜின் 5,000-ஐ ஒட்டிச் சுற்ற வேண்டும். பழைய பெரிய டீசல்களுக்கு நாலாயிரத்துச் சொச்சமே எல்லை. இன்ஜினின் டீசல் பம்பில் வேகத்துக்கு எல்லை வைக்கும் கவர்னர் டீசலைத்தான் நிறுத்தும், சக்கரம் இன்ஜினைச் சுற்றுவதை அதனால் நிறுத்த முடியாது. நீங்கள் பார்த்து ஓட்டுவீர்கள், மச்சானோ டிரைவரோ சாவியை வாங்கிக்கொண்டு போனால்? அது மட்டுமில்லை, உங்கள் லீவரில் D, 2, L என்று முன்னோக்கிப் போக மூன்று இடம்தான், கியரோ நான்கு. நான்காவதை எந்த சுவிட்சில் வைக்கப் போகிறார் என்றும் கேளுங்கள்.

கேள்வி (குன்னூர்): இன்னோவா கிரிஸ்டா டீசல் ஆட்டோமேட்டிக் வைத்திருக்கிறோம். பர்லியாறு இறக்கத்தில் லீவரை S பக்கம் தள்ளிக் கையால் இரண்டாவதில் போட்டு வருகிறேன். இன்ஜின் கத்துகிறது, கியர்பாக்ஸுக்குக் கெடுதல் என்று வீட்டில் சண்டை.

பதில்: சண்டையில் உங்கள் பக்கம் நியாயம். 3,000 ஆர்.பி.எம்-மில் காலை எடுத்துவிட்டு இறங்குவது இன்ஜினுக்கு ஒரு பாரமே இல்லை, சத்தம் மட்டும்தான். இந்த வண்டிகளில் கையால் மாற்றினாலும் கம்ப்யூட்டர் மேலே உட்கார்ந்திருக்கிறது, இன்ஜின் எல்லை தாண்டும் கியரைக் கேட்டால் கொடுக்காது. நவீன ஆட்டோமேட்டிக் மேனுவலைவிடப் பலவீனம் என்ற எண்ணத்தையும் விடுங்கள்: 2021-ல் வந்த ஃபார்ச்சூனரில் அதே 2.8 லிட்டர் டீசலுக்கு மேனுவலில் 420 நியூட்டன் மீட்டர்தான் விட்டிருக்கிறார்கள், ஆட்டோமேட்டிக்கில் 500. நீங்கள் பார்க்க வேண்டியது பிரேக் ஆயில். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும், நம் ஊரில் ஈரத்துக்கா பஞ்சம்? ஈரம் சேர்ந்த ஆயில் சீக்கிரம் கொதித்துவிடும், பெடல் திடீரென்று உள்ளே போகும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

கேள்வி (பூம்பாறை): கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்று டிரைவர் சொல்கிறார்.

பதில்: டிரைவரை மாற்றுங்கள், அல்லது அவர் எண்ணத்தை மாற்றுங்கள். எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் உள்ள டீசலில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் பாய்வதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் ஐடிலிங்குக்காகக் குடிக்கும். ஆட்டோமேட்டிக்கில் சாவியை அணைத்துவிட்டு உருட்டினால் இன்னும் மோசம், பம்ப் நின்றுவிடும், சக்கரத்தோடு சுற்றும் பாகங்கள் எண்ணெய் இல்லாமல் சுற்றும். பழுதான ஆட்டோமேட்டிக்கைக் கயிறு கட்டி நெடுந்தூரம் இழுக்கக் கூடாது என்பதும் இதனால்தான், ஃபோர் வீல் டிரைவ் என்றால் நான்கு சக்கரமும் மேலே தூக்கும் லாரிதான் வேண்டும்.

கேள்வி (மஞ்சூர்): ஆட்டோமேட்டிக் எண்ணெயை மாற்றவே வேண்டாம், ஆயுளுக்கும் அதுவே என்று ஷோரூமில் சொன்னார்கள். உண்மையா?

பதில்: யாருடைய ஆயுள் என்று கேட்டிருக்க வேண்டும். சமவெளியில் நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு அது ஓரளவு பொருந்தலாம். மஞ்சூர் சாலையில் தினம் ஏறி இறங்கும் வண்டி கடும் உபயோகம் என்ற கணக்கில் வரும், வாரண்டி புத்தகத்தின் சின்ன எழுத்தில் பல நிறுவனங்கள் அதற்குத் தனி இடைவெளி கொடுத்திருக்கும். எதுவும் எழுதவில்லை என்றால் 50,000 கிலோமீட்டரில் மாற்றுங்கள். சேம்பர் போல்ட்டைத் திறந்தால் மொத்த எண்ணெயில் ஒரு பகுதிதான் வரும், மீதி கன்வர்ட்டரில் தங்கியிருக்கும், அதனால் கொஞ்சம் ஓட்டிவிட்டு இன்னொரு முறை மாற்றுவது நல்லது. புத்தகத்தில் எந்தத் தரம் எழுதியிருக்கிறதோ அதே எண்ணெய். சிவப்பாக இருப்பதெல்லாம் ஒன்று என்று கடைக்காரர் சொன்னால் வேறு கடைக்குப் போங்கள், லைனிங் எவ்வளவு வழுக்கிப் பிடிக்க வேண்டும் என்பதே எண்ணெயில் கலந்துள்ள மருந்தைப் பொறுத்தது. அளவு பார்ப்பது எண்ணெய் சூடாக இருக்கும்போது, சமதளத்தில், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது. உங்கள் வீட்டு வாசல் சமதளம் இல்லை என்றால் பெட்ரோல் பங்கில் பாருங்கள்.

கேள்வி (தாண்டிக்குடி): பழைய டீசல் ஜீப்பில் இறக்குமதி வண்டியின் இன்ஜினும் ஆட்டோமேட்டிக்கும் சேர்ந்த செட்டை அப்படியே மாட்ட ஆசை. கிடைத்தும்விட்டது. சட்டச் சிக்கல் வருமா?

பதில்: வாங்குவதற்கு முன்னால் எழுதியிருக்கலாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, நிறுவனம் முதலில் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. இன்ஜின் எண் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது, மாற்றுவதற்கு ஆர்.டி.ஓ. அனுமதி முன்கூட்டியே வேண்டும், வேறு நிறுவனத்தின் இன்ஜினுக்கு அது கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அனுமதி இல்லாமல் மாட்டி ஓட்டி, நாளைக்கு ஒரு விபத்து என்றால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது இன்ஜின் எண்ணைத்தான். திண்டுக்கல் போய் அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள், அதுவரை ஸ்பேனரை எடுக்காதீர்கள்.

கேள்வி (கூடலூர்): என்னுடையது ஏ.எம்.டி. வண்டி. ஊட்டி சீசனில் நடுவட்டம் ஏற்றத்தில் வண்டிகள் ஊர்ந்து போகும்போது கிளட்ச் வாடை வருகிறது, ஒரு முறை கியரே விழாமல் நின்றுவிட்டது. இதையும் பலப்படுத்த முடியுமா?

பதில்: உங்களுடையது ஆட்டோமேட்டிக்கே இல்லை, சாதாரண மேனுவல் கியர்பாக்ஸில் கிளட்சை மிதிக்கவும் கியரை மாற்றவும் ஒரு இயந்திரக் கையை வைத்திருக்கிறார்கள். 2014-ல் செலெரியோவில் வந்ததிலிருந்து மலிவாகப் பரவிவிட்டது, சமவெளிக்கு நல்ல வண்டிதான். இதில் டார்க் கன்வர்ட்டர் கிடையாது. ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் மிதித்தபடி வண்டியை ஒரே இடத்தில் நிறுத்தி வைக்கிறீர்கள் பாருங்கள், அப்போது கிளட்ச் பாதி பிடித்துத் தேய்கிறது. சூடு எல்லை தாண்டினால் கம்ப்யூட்டர் கிளட்சைக் காப்பாற்றக் கையை எடுத்துவிடும், அன்றைக்கு நின்றது அதனால்தான் இருக்கும். பலப்படுத்த எதுவும் இல்லை. முன்னால் வண்டி நின்றால் ஹேண்ட் பிரேக் போடுங்கள், இரண்டு வண்டி நீளம் இடம் கிடைத்த பிறகு கிளம்புங்கள், பின்னால் ஹாரன் அடிப்பவர் அடிக்கட்டும். மேனுவல் பக்கம் தள்ளி முதல் கியரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வாடை வந்தால் ஓரம் கட்டி, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு பதினைந்து நிமிடம் நிறுத்துங்கள். அடுத்த சர்வீஸில் கிளட்ச் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று ஸ்கேனர் மாட்டிப் பார்க்கச் சொல்லி, கிளட்ச் பிடிக்கும் புள்ளியையும் மறுபடி கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள்.